வேலையை விட்டு பங்குச்சந்தை டிரேடிங்கில் இறங்குமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

"அண்ணே, வேலைய விட்டுட்டு முழுநேரமா டிரேடிங் பண்ணலாமா?" காரைக்குடியில் கடைக்கு வரும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது. ஆமாம், இல்லை என்று நான் சொல்வதைவிட, கணக்குப் போட்டு நீங்களே தெரிந்துகொள்வது நல்லது. நானும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் கடையை மூடாமல், டிரேடிங்கைப் பக்கத் தொழிலாக வைத்துக்கொண்டேன். டீமேட் கணக்கு (வாங்கிய பங்குகளை வைக்கும் கணக்கு) திறப்பது, ஆர்டர் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: வீட்டுச் செலவு

மளிகை, வாடகை மட்டும் போதாது. மொய், சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி), கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் கட்டும் புள்ளி வரி என்று நம் ஊரில் வருவது எல்லாவற்றையும் எழுதுங்கள். மாதம் 30,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 3,60,000. வருஷம் 18 சதவீதம் எடுப்பதே கெட்டிக்காரத்தனம். அப்படி எடுத்தாலும் 20 லட்சம் முதல் வேண்டும். கையில் 2 லட்சம்தான் இருக்கிறது என்றால், மாதாமாதம் 15 சதவீதம் தவறாமல் எடுக்க வேண்டும். யாராவது அப்படி எடுத்துத் தருவதாக டெலிகிராமில் சொன்னால் அந்தக் குழுவைவிட்டு உடனே வெளியே வாருங்கள்.

படி 2: ஒரு டிரேடுக்கு எவ்வளவு போகிறது

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஆப்பில் பச்சையாகத் தெரியும் தொகை உங்கள் லாபம் இல்லை. ஒரு லட்சம் ரூபாய்க்குப் பங்கை வாங்கி, அன்றைக்கே ஏறக்குறைய அதே விலைக்கு விற்பதாக வையுங்கள். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம்:

புரோக்கரேஜ் இரண்டு பக்கமும் சேர்த்து 40.
எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) விற்கும்போது 0.025 சதவீதம், 25.
எக்ஸ்சேஞ்ச் கட்டணம் சுமார் 6.
முத்திரைத்தாள் கட்டணம் வாங்கும்போது 3.
புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., எட்டு ரூபாய் சொச்சம்.

மொத்தம் 82 ரூபாய். இப்படி நாளைக்கு ஐந்து முறை செய்தால் 410. மாதத்துக்கு 20 சந்தை நாள் என்றால் 8,200. 2 லட்சம் முதலில் இது மாதம் 4 சதவீதத்துக்கும் மேல்! நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் இது போய்விடும்.

இதைச் சரிபார்க்க, புரோக்கர் மெயிலில் அனுப்பும் காண்ட்ராக்ட் நோட்டை (அன்றைய டிரேடுகளின் பில்) திறந்து கடைசி வரியில் இருக்கும் நிகரத் தொகையை எடுங்கள். எக்செல் வேண்டாம் என்பது என் கருத்து. கோடு போட்ட நோட்டில் கையால் பற்று, வரவு எழுதுங்கள். தோற்ற டிரேடைக் கையால் எழுதும்போதுதான் அது மனசில் நிற்கும்.

படி 3: ஒரு வருஷப் பழக்கம்

பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் (தொழில் செய்யப்) போன நம் ஐயாக்கள் எடுத்த எடுப்பில் முதலைக் கையாளவில்லை. பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து கணக்கெழுதிப் பழகி, அடுத்தாள் ஆகி, பிறகுதான் மேலாள். வேலைத் தவணை முடிந்தால் ஐந்தொகை (லாப நஷ்டம், இருப்பு காட்டும் கணக்கு) எடுத்துக் காட்டியாக வேண்டும். நீங்களும் வேலையில் இருந்தபடியே ஒரு வருஷம் செய்யுங்கள். சந்தை நடக்கும் 9:15 முதல் 3:30 வரை திரையைப் பார்க்க முடியாதுதான். அதனால் டெலிவரியில் (வாங்கிய பங்கை அன்றைக்கே விற்காமல் வைத்திருப்பது), சிறு தொகையில் பழகுங்கள். பேப்பர் டிரேடிங்கை (காசு போடாமல் செய்யும் ஒத்திகை) நான் நம்புவதில்லை. சொந்தக் காசு 500 ரூபாய் போகும்போது வரும் படபடப்பு அதில் வராது.

வருஷக் கடைசியில் ஐந்தொகை எடுங்கள். எல்லாச் செலவும் வரியும் போக, அதே பணத்தை வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியைவிடக் கூடுதலாக நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம்.

படி 4: கடன் பலம் வேண்டாம்

இன்ட்ராடேயில் (அன்றைக்கே வாங்கி விற்பதில்) உங்கள் முதலைப்போல 5 மடங்கு வரை வாங்க புரோக்கர் இடம் தருவார். 2 லட்சத்தில் 10 லட்சத்துக்கு வாங்கினால், பங்கு 2 சதவீதம் இறங்கினாலே முதலில் 20,000 காலி. பாதி முதல் போனால் பழைய நிலைக்கு வர 100 சதவீதம் லாபம் வேண்டும்.

பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். 2022-23இல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10க்கு 7 பேருக்கு நஷ்டம். வருஷத்தில் 500 டிரேடுக்கு மேல் போட்டவர்களில் 80 சதவீதம் பேருக்கு நஷ்டம். எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள்) இன்னும் மோசம்: செபி அதே வருஷம் செப்டம்பரில் வெளியிட்ட இன்னொரு ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதம் பேர் இழந்திருக்கிறார்கள். தம்பிகளே, உங்கள் வீட்டார் சேர்த்த பணம் அந்தக் கணக்கில் போய்ச் சேரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பின்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர், இன்ட்ராடே நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்து வரியைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தார். முடியாது. அது யூக வணிக நஷ்டம். யூக வணிக லாபத்தில் மட்டுமே கழியும், 4 வருஷம் வரை தள்ளிக்கொண்டு போகலாம். எஃப் அண்ட் ஓ நஷ்டம் சாதாரண வியாபார நஷ்டம். 8 வருஷம் போகும், ஆனால் அதையும் சம்பளத்தில் கழிக்க விடமாட்டார்கள். இரண்டுக்குமே கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்க வேண்டும், தள்ளிப்போனால் அந்தச் சலுகை கிடைக்காது. ஏப்ரல் முதல் மார்ச் வரை வரும் காண்ட்ராக்ட் நோட்டுகளைத் தனி ஃபோல்டரில் போட்டுவையுங்கள், ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.