ஓடும் வண்டியில் பேட்டரி வயரைப் பிடுங்காதீர்கள்: பழைய பைக்கில் சார்ஜிங் கோளாறு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு ஏற்காடு அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பையன்கள் ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை ஓரங்கட்டி, சைடு கவரைக் கழற்றி, என்ஜின் ஓடும்போதே பேட்டரியின் பிளஸ் வயரைப் பிடுங்கினார்கள். வண்டி நிற்கவில்லை. "சார்ஜிங் ஓகேடா, பேட்டரிதான் போச்சு" என்றான் ஒருவன். டீ கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன். 12 வருடங்களுக்கு முன்னால் இதே இடத்தில் இதே வார்த்தையை நானும் சொன்னேன்.

பியூஸ் பார்ப்பது, டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியைத் துடைப்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் தாண்டிய தவறுகளைச் சொல்கிறேன்.

ஓடும் வண்டியில் பேட்டரி வயரைப் பிடுங்குவது

இந்த வண்டியில் இப்படிப் பார்த்தால் எதுவுமே தெரியாது. ஸ்பார்க்குக்குக் கரண்ட் தரும் காயில், என்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டுக்குள் தனியாக இருக்கிறது. ஸ்பார்க்கை அடிக்க வைக்கும் சிடிஐ யூனிட் அதை வைத்துத்தான் வேலை செய்கிறது. பேட்டரியே இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். அதனால் வண்டி ஓடுவதை வைத்து சார்ஜ் ஏறுகிறது என்று சொல்ல முடியாது.

நஷ்டம் தனி. மேக்னெட்டிலிருந்து கரண்ட் துடிப்புத் துடிப்பாகத்தான் வரும். அதை வாங்கிச் சமன் செய்வது பேட்டரி. பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துத்தான் ரெக்டிபையர் (மேக்னெட் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் யூனிட்) எவ்வளவு விடலாம் என்று கட்டுப்படுத்துகிறது. பேட்டரியை எடுத்துவிட்டு ரேஸ் ஏற்றினால் வோல்ட் தாறுமாறாக எகிறும். பல்ப், இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பிளாஷர், ரெக்டிபையர், எது வேண்டுமானாலும் போகலாம். பேட்டரியிலிருந்து ஸ்பார்க் எடுக்கும் வண்டி என்றால் இக்னிஷன் யூனிட்டுக்கும் ஆபத்து.

எனக்கு நடந்தது இதுதான். ஏற்காட்டிலிருந்து இறங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் ஹாரன், பிரேக். பாதி மலை இறங்குவதற்குள் ஹாரன் கம்மிவிட்டது. அடிவாரத்தில் வயரைப் பிடுங்கி, ரேஸ் முறுக்கி, பேட்டரிதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். சேலம் ஐந்து ரோட்டுக்குப் போய் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். பிரேக் லைட் பல்ப் போயிருந்தது, அதையும் மாற்றினேன். மூன்றே வாரத்தில் புது பேட்டரியும் படுத்தது. பார்த்தால் ரெக்டிபையரும் போயிருந்தது. அதையும் மாற்றினேன். அப்புறமும் சார்ஜ் சரியாக ஏறவில்லை.

கடைசியில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரேமுக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா தம்பி?" என்று கேட்டார். அடித்திருந்தேன். பேட்டரி மைனஸை பிரேமோடு இணைக்கும் எர்த் வயர் உட்காரும் இடத்தையும் சேர்த்து. பிரேக்கை மிதிக்கச் சொல்லி, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை என்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்தார். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, ஒரு வோல்ட்டைத் தாண்டியது. கரண்டைத் தடுத்த அந்த இடத்துப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது. முதல் நாளே மீட்டர் வைத்திருந்தால் ஒரு பைசா செலவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? வண்டி நிற்கும்போது நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். ஸ்டார்ட் செய்து ரேஸ் ஏற்றினால் பேட்டரி முனைகளிலேயே 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வோல்ட் ஏறவே இல்லை என்றால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெக்டிபையர் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரி வெந்துபோகும்.

அரை உயிரில் இருக்கும் பேட்டரியை வைத்து அளப்பது

முதலில் இரவு முழுக்க சார்ஜ் போடுங்கள்.

ஹெட்லைட்டை நம்புவது

பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மேக்னெட்டிலிருந்து நேராகக் கரண்ட் போகும், பேட்டரி வழியாகப் போகாது. ரேஸ் ஏற்றினால் லைட் பளிச்சென்று எரிவதால் பேட்டரிக்கு சார்ஜ் போகிறது என்று நினைக்காதீர்கள். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் மங்குகிறதா என்று பாருங்கள்.

காயிலை அவசரப்பட்டுக் கழற்றுவது

மேக்னெட் காயிலிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டிகளில், கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்) கழற்றிவிட்டுப் பார்க்கும்போது அந்த வயர்களுக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் காயில் எர்த் ஆகிவிட்டது. ஆனால் பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் காயிலின் ஒரு முனையை கம்பெனியிலேயே எர்த்தில்தான் போட்டிருப்பார்கள். இது தெரியாமல் "காயில் ஷார்ட்" என்று நல்ல காயிலை ரீவைண்டிங்குக்குக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மேக்னெட் கவரைத் தொடுவதற்கு முன்னால் ரெக்டிபையர் கப்ளரைப் பாருங்கள்.

மீட்டர் இல்லாமல் தொடங்குவது

தொடங்காதீர்கள்.

என் டேங்க் பையில் மீட்டர் எப்போதும் இருக்கும். பையன்களின் வண்டியில் வைத்துப் பார்த்தோம்: நிற்கும்போது 12.1, ரேஸ் ஏற்றினால் 12.2. நல்லவேளை, வயரைப் பிடுங்கியபோது அவர்கள் ரேஸ் ஏற்றவில்லை. ரெக்டிபையர் கப்ளரைக் கழற்றினால் ஒரு பின் கருகித் தளர்ந்திருந்தது. சுரண்டி இறுக்கி மாட்டினோம். 13.6.