நிதிநல்கைக் குழுவில் நலன் முரணைக் கையாளுதல்: முன்மொழிவுகளை அனுப்பும் முன்பே தொடங்குங்கள்

ஆய்வு நிதி (நல்கை) கேட்டு வரும் முன்மொழிவுகளை மதிப்பிடும் குழு ஒன்றின் செயலகப் பணியை முதன்முறை ஏற்றபோது, எல்லா முன்மொழிவுகளையும் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிவிட்டு, கூட்டத்தன்று காலையில்தான் நலன் முரண் இல்லை, அதாவது நடுநிலையைப் பாதிக்கும் தொடர்பு விண்ணப்பதாரருடன் இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். ஒரு விண்ணப்பதாரரின் முனைவர் பட்ட நெறியாளர் குழுவில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த முன்மொழிவு வந்தபோது அவர் வெளியே சென்றார்; ஆனால் அதனுடன் போட்டியிட்டவை அனைத்துக்கும் முன்பே மதிப்பெண் இட்டிருந்தார். அந்தச் சுற்றை மீண்டும் நடத்தினோம்.

முதலில் விதியை எண்ணால் எழுதுங்கள். ‘நெருங்கிய தொடர்பு’ என்றால் ஆளுக்கொரு பொருள் கொள்வர். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, கடந்த 48 மாதங்களில் இணைந்து கட்டுரை எழுதியவர்களையும் 24 மாதங்களில் இணைந்து பதிப்பித்தவர்களையும் விண்ணப்பதாரரிடம் கேட்டுப் பெறுகிறது. முனைவர் பட்ட நெறியாளருக்குக் கால வரம்பு இல்லை. அந்நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டாய்வுக்கு 3 ஆண்டுகளைக் கணக்கில் கொள்கின்றன. ஆய்வு முடிந்து கட்டுரை வெளிவரவே நாளாகும் என்பதால் நான் 48 மாதங்களையே பரிந்துரைப்பேன்.

அடுத்து, தலைப்பையும் விண்ணப்பதாரர் பெயரையும் மட்டும் உறுப்பினர்களுக்கு அனுப்பி, முரண் இருந்தால் குறிக்கச் சொல்லுங்கள். அதை மட்டும் நம்பாமல் நீங்களும் ஒப்பிடுங்கள். நான் இடறியது இங்கேதான்: தலைப்பெழுத்துடன் எழுதப்படும் நம் பெயர்களில் ‘எஸ். முருகன்’ என்று தேடினால் பலர் வருவர். அதே ஆள் வேறொரு கட்டுரையில் ‘முருகன் எஸ்.’ என்றிருப்பார். ஆகவே ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக உள்ள 16 இலக்க ஆர்கிட் (ORCID) அடையாள எண்ணை விண்ணப்பத்திலேயே கட்டாயமாக்குங்கள். விலைகொடுத்து வாங்கும் மென்பொருளைவிட, அந்த எண்ணை முதல் நெடுவரிசையாகக் கொண்ட எக்செல் தாளையே நான் விரும்புகிறேன். எதை எதனுடன் ஒப்பிட்டோம் என்பதை யாரும் திறந்து பார்க்கலாம்.

முரணுள்ள உறுப்பினருக்கு அந்த முன்மொழிவை அனுப்பாதீர்கள். விவாதத்தின்போது அவர் அறையில் இருக்கக் கூடாது. அவருடைய சொந்த விண்ணப்பமே அதே சுற்றில் இருந்தால் வெளியேறுவது போதாது, ஏனெனில் மற்றவர்களின் மதிப்பெண்ணைக் குறைத்தாலே அவருடைய இடம் உயரும். அந்தச் சுற்றில் அவர் குழுவிலேயே இருக்கக் கூடாது.

யார், எந்த முன்மொழிவுக்கு, எத்தனை மணிக்கு வெளியேறினார், எப்போது திரும்பினார் என்று கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். ஒப்புதலுக்கான பட்டியலைத் தயாரிக்கும் அலுவலர்களும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். டெக்சாஸ் புற்றுநோய்த் தடுப்பு மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில், மதிப்பீட்டுக்கே செல்லாத 1.1 கோடி டாலர் நல்கை ஒன்று ஒப்புதல் பட்டியலில் ஏறியிருந்தது 2012இல் வெளிவந்தது. புதிய நல்கைகளையே நிறுத்திவைக்கும் நிலை வந்தது.

பின்சேர்க்கை: துறை சிறியதாக இருந்து எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களானால் என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அத்தகைய முன்மொழிவை வெளிநாட்டு மதிப்பீட்டாளர் இருவருக்கு அனுப்புங்கள். உள்ளூர் வல்லுநரிடம் தொழில்நுட்ப ஐயங்களுக்கு மட்டும் எழுத்தில் விடை பெறுங்கள், மதிப்பெண் கேட்காதீர்கள்.