பார்வை மங்கிய அம்மாவுக்கு வீட்டுக் கணினி: பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள்

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் நான் முதலில் வாங்கி வந்தது 14 அங்குல மடிக்கணினி. எடை குறைவு, விலையும் சலுகை. அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, “நல்லா இருக்குடா. எழுத்து எங்க?” என்றார்.

அம்மாவுக்கு மாக்குலா சிதைவு. பார்வையின் ஓரங்கள் சரியாகவே இருக்கின்றன, நடுவில் மட்டும் புகை. என் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் என் காதைப் பார்ப்பார். தமிழ் முரசு நாளிதழை உருப்பெருக்கிக் கண்ணாடியோடு படித்துக்கொண்டிருந்தவர், இப்போது தலைப்புகளோடு நிறுத்திக்கொள்கிறார். அவருக்காக நான் செய்ததை, தப்பாகச் செய்ததையும் சேர்த்தே, வரிசையாக எழுதுகிறேன். விண்டோஸ் 11 போடுவது, வைஃபை இணைப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: காசு செலவில்லாத சோதனை

கடைக்குப் போகுமுன் பழைய கணினி ஒன்றை எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணையுங்கள். ஏதாவது தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து வைத்து, நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்திப் படிக்கச் சொல்லுங்கள். “தெரியுதா?” என்று கேட்காதீர்கள், தெரியாவிட்டாலும் தெரிகிறது என்பார்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். அம்மா ‘கண்’ என்பதைக் ‘கண’ என்று வாசித்தார். அடுத்து ‘ர’வும் துணைக்காலும் குழம்பின. புள்ளி திரும்பக் கண்ணில் படும்வரை எழுத்தைப் பெரிதாக்கி, அந்த அளவையும் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கப் போவது அந்த இரண்டு எண்களுக்காகத்தான்.

படி 2: திரை

முழு எச்டி (1920×1080 படப்புள்ளிகள்) தெளிவில் 14 அங்குலத் திரை ஓர் அங்குலத்தில் சுமார் 157 புள்ளிகளை நெருக்கி வைக்கிறது. அதே தெளிவில் 27 அங்குலத் திரையில் 82 புள்ளிகள்தான். பெரிதாக்கும் அமைப்பு இரண்டிலும் ஒன்றாக இருந்தால், எழுத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. கடைக்காரர் 4கே (முழு எச்டியைப்போல நான்கு மடங்கு புள்ளிகள்) என்று ஆரம்பிப்பார். 4கே திரையில் எழுத்து வளைவுகள் கூர்மையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கியே ஆக வேண்டும், சில பழைய செயலிகள் அதற்கு ஒத்துழைக்காமல் எறும்பளவில் நிற்கும். முதல் கணினிக்கு முழு எச்டி போதும். பளபளக்காத, மேட் திரையாக இருக்கட்டும்.

திரையைவிட முக்கியம், மேசையில் கவ்விக்கொண்டு அதைத் தாங்கும் கை (மானிட்டர் ஆர்ம்). 60 செ.மீ. தள்ளியிருக்கும் திரையை 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் எழுத்து இரண்டு மடங்காகத் தெரியும். இதைவிட மலிவான உருப்பெருக்கி கிடையாது. அதனால் திரைக்குள்ளேயே கணினி இருக்கும் ஆல்-இன்-ஒன் வேண்டாம் என்பேன். அதன் திரையை முகத்தருகே இழுக்க முடியாது, ஆள்தான் கூனிக்கொண்டு போக வேண்டும். திரையின் பின்புறம் 100க்கு 100 மி.மீ. வீசா (VESA) துளைகள், அதாவது கையைத் திருகி மாட்டும் துளைகள், இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். நான் அதைப் பார்த்தேன், மேசையைப் பார்க்கவில்லை. அம்மாவின் மேசைக்குக் கண்ணாடி மேல்தட்டு. கவ்வியை இறுக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது, அதோடு நிறுத்திவிட்டேன். இப்போது வேறு மேசை.

படி 3: பெட்டி

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். உள்ளங்கை அகல மினி பிசி, 16 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி. அம்மாவின் கணினி சத்தமில்லாமல் திரைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

படி 4: பெரிதாக்குவது

விண்டோஸில் இதற்குப் பல வழிகள் உண்டு. ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டேன். விண்டோஸின் உருப்பெருக்கியான மேக்னிஃபையரை முழுத்திரையில் போட்டால் திரையின் ஒரு மூலைதான் கண்ணுக்குத் தெரியும், மற்றது வெளியே இருக்கும். சுட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. “எறும்பு எங்கடா போச்சு?” அன்று மாலை முழுக்க இதே கேள்விதான்.

இப்போது நான் வைத்திருக்கும் வரிசை இது. முதலில் டிஸ்பிளே அமைப்பில் ஸ்கேல் 150 அல்லது 175. போதாவிட்டால் அக்சஸிபிலிட்டியில் எழுத்தின் அளவு, இது 225 விழுக்காடு வரை போகும். அதே இடத்தில் சுட்டியையும் பெரிதாக்கி மஞ்சள் நிறம் கொடுங்கள். அளவு 1 முதல் 15 வரை இருக்கிறது, அம்மாவுக்கு 6. மேக்னிஃபையர் கடைசி. விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் வரும், விண்டோஸ் விசையோடு எஸ்கேப் அழுத்தினால் போகும். கன்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முழுத்திரைக்குப் பதில் ஒரு சின்னக் கண்ணாடி மட்டும் சுட்டியோடு நகரும். கைக்கண்ணாடி பழகியவர்களுக்கு அதுதான் சரி.

படி 5: தமிழ்க் குரல்

ஒரு சனிக்கிழமை முழுக்க இங்கேதான் போனது. திரையில் உள்ளதை வாசிக்கும் விண்டோஸின் நரேட்டரைப் போட்டேன் (கன்ட்ரோல், விண்டோஸ், என்டர்). ஆங்கிலம் வாசித்தது. தமிழ்ப் பக்கத்துக்குப் போனதும் ஊமையாகிவிட்டது. ஒலிபெருக்கி கோளாறு என்று கேபிளையெல்லாம் கழற்றி மாட்டினேன். கோளாறு அங்கே இல்லை. ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அதனால் அப்படியே தாண்டிப் போய்விடும்.

சரி, மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்ப்போம் என்று போனால் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு தமிழ். நாம் இருப்பது இங்கே என்று சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தேன். விசைப்பலகை வந்தது, குரல் வரவில்லை. குரல் இருப்பது தமிழ் (இந்தியா) என்பதில். அதைச் சேர்க்கும்போது டெக்ஸ்ட்-டு-ஸ்பீச் என்ற கட்டத்தில் குறி இருக்க வேண்டும். காட்சி மொழியாக மாற்றவா என்று கேட்டால் குறியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெனுக்கள் தமிழாகி, தொலைபேசியில் நீங்கள் சொல்லும் வழி எதுவும் பொருந்தாது. பிறகு நரேட்டர் அமைப்பில் குரலை மாற்றினால் ‘வள்ளுவர்’ என்று ஒருவர் இருப்பார். “வள்ளுவரே செய்தி வாசிக்கிறாரா?” என்று அம்மா சிரித்தார்.

ஆனால் நரேட்டர் பொத்தான், பட்டியல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துத் தள்ளும். கொஞ்சம் பார்வை மிஞ்சியிருப்பவர்களுக்கு அது தலைவலி. அம்மாவுக்கு நிலைத்தது, பக்கத்தில் உள்ள செய்தியை மட்டும் வாசிக்கும் எட்ஜ் உலாவியின் ரீட் அலவுட். கன்ட்ரோல், ஷிஃப்ட், யு. குரல் பட்டியலில் இங்கே சிங்கப்பூர்த் தமிழே இருக்கிறது: அன்பு, வெண்பா. இணையம் இருந்தால்தான் பேசும், ஆனால் மனிதர் பேசுவதுபோல இருக்கும். அச்சுப் பக்கத்தை வெறும் படமாகப் போட்டிருந்தால் வாசிக்காது, எழுத்தாக உள்ள பக்கத்தைத் திறக்க வேண்டும்.

பார்வை அறவே இல்லாதவருக்கு என்விடிஏ போடுங்கள். ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான். அதோடு வரும் தமிழ்க் குரல் தகரத்தைத் தட்டுவதுபோல இருக்கும். அமைப்பில் விண்டோஸ் ஒன்கோர் (விண்டோஸின் சொந்தக் குரல்கள்) என்று மாற்றினால் அங்கேயும் வள்ளுவர் வந்துவிடுவார்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், கண்ணழுத்த நோய் (குளுக்கோமா) உள்ள தன் தந்தைக்கு 27 அங்குலம் வாங்கித் தொல்லையாகிவிட்டது என்று எழுதியிருந்தார். நியாயம்தான். அம்மாவுக்கு நடுப்பார்வை இல்லை, அந்த நோயில் ஓரப்பார்வை போகும். குழாய் வழியாகப் பார்ப்பவருக்குத் திரை அகல அகலத் தேடுவதுதான் கூடும். அவர்களுக்குச் சின்னத் திரை, நல்ல கருப்பு வெள்ளை வேறுபாடு. படி 1ஐத் தாண்டாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மேக் வாங்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஐஃபோன் பழகியவருக்கு மேக் மினி நல்லது. ஜூம் அமைப்பில் ஒரு குறி போட்டுவிட்டால், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு சுட்டியின் சக்கரத்தை உருட்டினாலே திரை பெரிதாகும்.

கடைசியாகப் பணம். சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்பின் அசிஸ்டிவ் டெக்னாலஜி ஃபண்டில் (உதவிச் சாதன நிதி) இப்படிப்பட்ட சாதனங்களுக்கு மானியம் உண்டு, குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. லெங்கோக் பாருவில் உள்ள எனேபிளிங் வில்லேஜில் சாதனங்களை நேரில் தொட்டும் பார்க்கலாம். ஆனால் முதலில் மதிப்பீடு, பிறகு ஒப்புதல், அதற்கப்புறம்தான் வாங்க வேண்டும். நான் அங்கே போனபோது என் பையில் மூன்று ரசீதுகள் இருந்தன.