பழைய கல்லூரிப் பேசும்படங்கள்: வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

1930ஐ ஒட்டி ஹாலிவுட் எடுத்துத் தள்ளிய கல்லூரிக் காதல் நகைச்சுவைப் படங்களில் வகுப்பு நடப்பதே அபூர்வம். அமெரிக்கக் கால்பந்து, விடுதிக் கும்மாளம், பாஸாகாமல் தவிக்கும் நாயகன், நடுவே நாலு பாட்டு. சேகரிப்பவர்களை இழுப்பது கதையல்ல, புதிதாக வந்த ஒலியோடு படமெடுத்தவர்கள் பட்ட பாடு. 'தி வைல்ட் பார்ட்டி' (1929) ஊமைப்பட நட்சத்திரம் கிளாரா போவின் முதல் பேசும்படம். மைக்கைக் கண்டு அவர் மிரள, இயக்குநர் டாரதி ஆர்ஸ்னர் மைக்கைத் தூண்டில் கழியில் தொங்கவிட்டு, அவர் போகுமிடமெல்லாம் கூடவே நகர்த்த வைத்தார்.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பெரிய தவறு. 'குட் நியூஸ்' 1930இலும் வந்தது, 1947இலும் வந்தது. நடிகை ஜூன் அலிசன் முகம் இருந்தால் அது பிந்தையது. இதைக் கவனிக்காமல் நானே ஒருமுறை காசை விட்டிருக்கிறேன். 1930 படத்தில் கடைசி ரீல் வண்ணத்தில் எடுக்கப்பட்டது, அது தொலைந்துவிட்டது. 'முழுப் படம் இருக்கிறது' என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அதேபோல, நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்களின் 'ஹார்ஸ் ஃபெதர்ஸ்' (1932) ஓரிடத்தில் வெட்டி வெட்டிக் குதிக்கும். டிஸ்க்கைத் திருப்பி அனுப்ப வேண்டாம், மிஞ்சியிருக்கும் பிரதியே அப்படித்தான்.

பிலிம் சுருளில் ஒலித்தடம் இல்லையென்றால் உடனே கழித்துவிடாதீர்கள். ஒலிக்கருவி இல்லாத தியேட்டர்களுக்காக ஊமைப் பிரதியும் போட்ட காலம் அது. சில படங்களுக்கு ஒலி தனியாக 16 அங்குல இசைத்தட்டில் வந்தது.

சரி, ஒலியுள்ள 16 மி.மீ. சுருளை '1929 ஒரிஜினல்' என்று ஒருவர் நீட்டுகிறார். 16 மி.மீ.யில் ஒலி வந்ததே 1930களில்தான்! ஓரத்தில் இருக்கும், பிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும் கோடாக் குறியும் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும், அதை மட்டும் நம்பக் கூடாது. அந்தக் காலத்து 35 மி.மீ. என்றால் பெரும்பாலும் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிம். பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது. அதை பீரோவில் வைத்திருப்பது வீட்டுக்கே ஆபத்து, ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள்.

போஸ்டர் என்றால் அளவுநாடா எடுங்கள். அன்றைய ஒன்-ஷீட் (வழக்கமான முழு போஸ்டர்) 27க்கு 41 அங்குலம், லாபி கார்டு (தியேட்டருக்குள் மாட்டும் சிறு விளம்பர அட்டை) 11க்கு 14. அளவு சரியாக இருந்தாலும், லித்தோ (கல்லச்சு) போஸ்டரில் பூதக்கண்ணாடிக்கு ஒரே சீரான புள்ளிகள் தெரிந்தால் பிற்கால நகல் என்று சந்தேகப்படலாம். அசலே கிடைத்துவிட்டால், தயவுசெய்து கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள்.