கட்டடத்தை மேடையாக்கிய நாடகங்கள்: எனக்குக் கைகொடுத்த வழி

பல நாள் இழுத்தடித்த விஷயம் ஒருவழியாகத் தீர்ந்தது, நிம்மதி. கல்லூரிக் கட்டடத்தையே மேடையாக வைத்து நாடகம் எழுதும்படி மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். வந்த பிரதிகளில் தூண், கூரை பற்றி இரண்டு வரி வர்ணனை, மீதி முழுக்க வசனம். எந்த அறையிலும் நடத்திவிடலாம்.

முதலில் படங்கள் காட்டினேன். இத்தாலியின் விசென்சாவில் 1585-இல் திறக்கப்பட்ட டியாட்ரோ ஒலிம்பிகோ அரங்கில், மேடைக்குப் பின்னால் தெருக்களையே கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் வர்ணனைதான் நீண்டது. அப்புறம் அட்டையில் மாதிரி செய்தோம். மேலிருந்து பார்த்தால் எல்லாமே தெரிகிறது, மறைவே இல்லை.

அங்கேதான் பிடி கிடைத்தது. தரைப்படத்தில் ஒவ்வொரு பாத்திரமும் நிற்கும் இடத்திலிருந்து பார்வைக்கோடு வரையச் சொன்னேன். யாரைப் பார்க்க முடியாது, ஆனால் கேட்க முடியும்? மாடிப்படி திரும்பும் இடம் அப்படிப்பட்டது: மேலே நிற்பவரின் குரல் கீழே வரும், முகம் தெரியாது. ஒட்டுக்கேட்கும் காட்சிகள் அங்கேயே பிறந்தன.

பலரும் கவனிக்காத ஒன்று: வசனத்தைப் படியேறிக்கொண்டே சொல்லிப் பார்க்க வேண்டும். ஏறி முடிப்பதற்குள் வசனம் தீர்ந்தால் மீதிப் படிகளை நடிகர் மௌனமாக ஏறுவார். அந்த மௌனத்துக்கும் காரணம் எழுத வேண்டியிருந்தது. எதிர்ச்சுவர் சுமார் 17 மீட்டருக்கு அப்பால் இருந்தால் எதிரொலி தனியாகக் கேட்கும். அதனால் நீண்ட கூடத்தில் குறுகிய வசனங்களே எடுபட்டன.