பெஞ்சில் வந்து உட்காரும் பை: பள்ளிச் சீண்டலை நாவலாக எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்பருவத்தினருக்கு நாவல் எழுதியிருக்கிறேன் என்று நண்பர்கள் படிக்கக் கொடுக்கும் கைப்பிரதிகள் பலவும் ஒரே மாதிரிதான் தொடங்கும். பள்ளிக்கூட வாசல். கட்டுமஸ்தான ஒருவன், அவன் பின்னால் இரண்டு எடுபிடிகள், எதிரே கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். முதல் பக்கம் முடிவதற்குள் கண்ணாடி உடைந்துவிடும்.

கண்ணாடி உடையட்டும், பரவாயில்லை. அதைச் சுற்றி நின்றவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் என் கேள்வி. மிரட்டுகிறவன், மாட்டிக்கொண்டவன் என்று இரண்டே பேரை வைத்து முழுக் கதையையும் ஓட்டப் பார்ப்பதுதான் இந்த வகை நாவலின் பெரிய தவறு. கனடாவில் பள்ளி மைதானங்களில் பிள்ளைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து, 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சீண்டல் நடந்த தருணங்களில் நூற்றுக்கு 88இல் மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். யாராவது குறுக்கே வந்தது 19இல்தான். ஆனால் அப்படி வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை 10 நொடிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

அந்தப் பத்து நொடி வாயைத் திறக்காமல் இருந்தவர்கள்தான் உங்கள் நாவலின் ஆட்கள். கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, ராத்திரி அதை நினைத்துப் புரண்டு படுக்கிறவள். ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொள்கிறவன். "அவன் மட்டும் என்ன, சும்மாவா இருக்கான்?" என்று நியாயம் பேசுகிறவன். இவர்களில் ஒருவரைக் கதைசொல்லியாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று தோன்றுகிறது.

அடுத்தது, காட்ட வேண்டியதைச் சுருக்கிச் சொல்லிவிடுவது. ஒரு பிரதியில் இப்படி இருந்தது: "எல்லோரும் அவனை ஒதுக்கினார்கள். அவன் மனம் நொறுங்கிப்போனது." ஒதுக்கியது எப்படி என்று எழுதுங்களேன் என்றேன். சில வாரம் கழித்து வந்த பிரதியில் அவன் வகுப்புக்குள் நுழைகிறான். மூன்றாவது பெஞ்சில் இடம் இருக்கிறது. கிட்டே போகும்போது அந்த இடத்தில் ஒரு பை வந்து உட்காருகிறது. "ஆள் வர்றாங்க." அடுத்த பெஞ்சுக்குப் போகிறான், அங்கேயும் ஒரு பை. டீச்சர் வருகைப்பதிவு எடுத்து முடித்த பிறகும் அந்த இரண்டு இடத்துக்கும் ஆள் வரவில்லை. மனம் நொறுங்கியது என்ற வரி அதற்கப்புறம் தேவைப்படவே இல்லை.

ஒரே ஒரு அடிதடியை எழுதிவிட்டு அதுதான் சீண்டல் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. பள்ளிச் சீண்டலைப் பற்றிய ஆய்வின் முன்னோடி டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. சமபலம் உள்ள இருவர் முட்டிக்கொண்டால் அது வெறும் சண்டைதான்.

இதில் "திரும்பத் திரும்ப" என்பதுதான் எழுதுகிறவனுக்குத் தலைவலி. பையனுக்குத் தினமும் நடக்கிறது, வாசகனுக்கோ மூன்றாவது தடவையிலேயே அலுத்துவிடும். அதனால் முதல் தடவை முழுசாகக் காட்டுங்கள், இரண்டாவது தடவை பாதியில் வெட்டிவிடுங்கள். மூன்றாவது தடவை சம்பவமே வேண்டாம். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு, எந்தப் படிக்கட்டு வழியாக இறங்கலாம் என்று அவன் கணக்குப் போடுவது போதும். மணி அடித்ததும் எல்லாம் முடிந்துவிடுவது போல எழுதாதீர்கள். வகுப்பின் வாட்ஸ்அப் குரூப் திடீரென்று அமைதியாகிவிடுகிறது. தன்னை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு குரூப் தொடங்கியிருக்கிறார்கள் என்பது அவனுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிகிறது.

மிரட்டுகிறவனுக்கு ஒரு குடிகார அப்பாவை ஒட்டவைத்து ஒரே பத்தியில் கணக்கை முடிப்பது சோம்பேறித்தனம். அவனுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கெத்துதான், அதுவும் பார்க்கிறவர்கள் கொடுக்கிற கெத்து. பெரியவர்கள் விஷயத்திலும் இதே அவசரம்தான்: ஒன்று, எல்லா ஆசிரியர்களும் குருடர்கள், இல்லையென்றால் கடைசி அத்தியாயத்தில் ஒரு நல்ல டீச்சர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார். சொன்னால் "போட்டுக்கொடுக்கிறவன்" என்று பெயர் வாங்க வேண்டும் என்ற பயம்தான் நிறைய பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. அந்தப் பயம் பல பிரதிகளில் கண்ணிலேயே படுவதில்லை.

சரி, எதிர்ப்புக்கு வருவோம். நாயகன் மேடையேறி மைக்கைப் பிடித்துப் பேச, அரங்கமே எழுந்து கைதட்டும் காட்சியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார். ஏற்பாடு செய்துவைத்த ஆட்கள் எல்லோரும் ஒரேபோலத் தப்பாகச் சொன்னபோது, விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவரும் மூன்றில் ஒரு பங்கு தடவை அவர்களோடு சேர்ந்து தப்பாகவே சொன்னார். கூட்டத்தில் இன்னொருவர் மட்டும் சரியாகச் சொன்னதும் அந்தத் தவறு ஏறக்குறைய கால்பங்காகக் குறைந்துவிட்டது. ஆக, ஒரு பெண் ஒன்றும் பேசாமல் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள் என்றால், அந்த வகுப்பில் அது சின்ன விஷயம் இல்லை.

எதிர்ப்புக்கு ஒரு விலையும் இருக்க வேண்டும். அமெரிக்க நாவலாசிரியர் ராபர்ட் கார்மியரின் மகன், பள்ளிக்காகச் சாக்லேட் விற்க மாட்டேன் என்று மறுத்திருக்கிறான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ற கேள்வியிலிருந்துதான் கார்மியர் 1974இல் வெளிவந்த 'தி சாக்லேட் வார்' நாவலை எழுதினார். அதன் இருண்ட முடிவைப் பார்த்துப் பல பதிப்பாளர்கள் தயங்கியும், அவர் அதை மாற்றவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, இருட்டாக முடித்தால்தான் இலக்கியம் என்று கிளம்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். குறிப்பாக, தற்கொலையைப் பழிவாங்கலாகவோ தீர்வாகவோ எழுதாதீர்கள், அதன் முறையை விவரிக்கவும் வேண்டாம். படிக்கிறவர்களில் அதே நிலையில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. முடிவு பிடிபடவில்லை என்றால், மறுநாள் முதல் பீரியடில் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதை மட்டும் எழுதிப் பாருங்கள்.