அந்தஸ்து தாண்டும், பாயின்ட் தாண்டாது: குரூஸ் லாயல்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரிலிருந்து மூன்று நாள், நான்கு நாள் குரூஸ் கப்பல் பயணம் இரண்டு முறை போய் வந்தவர்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும். "ராயல் கரீபியனும் செலிப்ரிட்டியும் ஒரே கம்பெனிதானே? அங்கே சேர்த்த பாயின்ட் இங்கேயும் செல்லும்தானே?" இந்தக் கேள்வியைப் புக்கிங்குக்கு முன்னால் கேட்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். பணம் கட்டி, பயணமும் முடிந்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். கப்பலில் கழிக்கும் இரவுகளுக்குப் பாயின்ட் தந்து, அது ஏற ஏற உயர்ந்த படியும் (அதுதான் அந்தஸ்து) சலுகைகளும் தருவதுதான் லாயல்டி திட்டம். மெம்பர்ஷிப் இலவசம், நம்பரைக் குறித்து வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே விழுகிற குழிகளை மட்டும் பார்ப்போம்.

ஒரே முதலாளி என்றால் ஒரே கணக்கு என்று நினைப்பது

பெரிய குழுமங்கள் மூன்று. கார்னிவல் கார்ப்பரேஷனிடம் கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்ட், கோஸ்டா, ஐடா, சீபோர்ன், பிரிட்டனின் பி அண்ட் ஓ இருக்கின்றன. ராயல் கரீபியன் குழுமத்திடம் ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ. நார்வீஜியன் குழுமத்திடம் நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜென்ட்.

அதிகச் சகோதர நிறுவனங்களை வைத்திருக்கும் கார்னிவலில்தான் உறவு மிகக் குறைவு. பிரின்சஸில் 15 பயணம் அல்லது 150 நாள் முடித்து 'எலைட்' ஆனவர், ஹாலந்து அமெரிக்காவில் ஏறினால் அங்கே முதல் நாள் பயணிதான். பிரின்சஸ் எலைட்டுக்குத் துணி துவைப்பு இலவசம். அந்த ஒரு சலுகைகூட அங்கே உடன் வராது. அந்தக் குழுமத்தில் பல நிறுவனங்களுக்கும் பொதுவாகச் செல்லுபடியாகி வந்த சலுகை பங்குதாரர்களுக்கானது. 100 பங்கு வைத்திருந்தால் கப்பலில் செலவழிக்கக் கிரெடிட் கிடைக்கும். இருநூறு இரவு கப்பலில் கழித்தவருக்கு இல்லாத பாலம், நூறு பங்கு வாங்கியவருக்கு இருக்கிறது. இது சரியல்ல என்பதே எங்கள் உறுதியான கருத்து.

நார்வீஜியன் குழுமம் 2025-ல் தன் மூன்று நிறுவனங்களுக்கிடையே அந்தஸ்தை மதிக்கத் தொடங்கியது. பாயின்ட் அங்கங்கேதான்.

அந்தஸ்து பொருந்துவதைப் பார்த்துவிட்டு பாயின்டும் சேரும் என்று நம்புவது

பணத்தை அதிகம் தின்பது இந்தத் தவறுதான். இத்தனை விளக்கக் குறிப்புகள் வந்த பிறகும், அனுபவமுள்ள ஏஜென்ட்களே வாடிக்கையாளரிடம் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று சொல்லி அனுப்புவது எரிச்சலூட்டுகிறது.

முதலில் ராயல் கரீபியன், செலிப்ரிட்டி இரண்டின் ஏணிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ராயல் கரீபியனின் லாயல்டி திட்டமான கிரவுன் அண்ட் ஆங்கர் சொசைட்டியில் ஓர் இரவுக்கு ஒரு பாயின்ட், ஸ்வீட் (பெரிய சொகுசு அறை) எடுத்தால் இரண்டு. தனியாகப் பயணம் செய்து சிங்கிள் சப்ளிமென்ட் (கேபினில் ஒருவரே தங்குவதற்கான கூடுதல் கட்டணம்) கட்டுபவருக்கு இரவுக்குக் கூடுதலாக ஒன்று. 3 பாயின்டில் கோல்ட், 30-ல் பிளாட்டினம், 55-ல் எமரால்ட், 80-ல் டைமண்ட், 175-ல் டைமண்ட் பிளஸ், 700-ல் பினக்கிள்.

செலிப்ரிட்டியின் லாயல்டி திட்டமான கேப்டன்ஸ் கிளப்பில் கணக்கே வேறு. உள் கேபினுக்கும் ஜன்னல் கேபினுக்கும் இரவுக்கு 2, பால்கனி கேபினுக்கு 3, அதைவிட உயர்ந்த கான்சியர்ஜ், அக்வா கேபின் வகைகளுக்கு 5, ஸ்கை ஸ்வீட்டுக்கு 8. அதற்கு மேல் உள்ள ஸ்வீட்களுக்கு இன்னும் அதிகம். 150-ல் செலக்ட், 300-ல் எலைட், 750-ல் எலைட் பிளஸ், 3,000-ல் ஸெனித்.

செலிப்ரிட்டி 1997-லேயே ராயல் கரீபியன் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் குழுமத்தின் மூன்று நிறுவனங்களின் படிகளும் மேலிருந்து கீழ் வரை முறையாகப் பொருந்தியது 2024 ஜூனில்தான். ராயல் கரீபியனில் எமரால்ட் என்றால் செலிப்ரிட்டியில் செலக்ட், டைமண்ட் என்றால் எலைட், டைமண்ட் பிளஸ் என்றால் எலைட் பிளஸ், பினக்கிள் என்றால் ஸெனித். பொருந்துவது படியின் பெயர். பாயின்ட் அல்ல.

2026-க்கு முன் பயணம் போன ஒரு தம்பதியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ராயல் கரீபியனில் ஆளுக்கு 68 பாயின்ட், அதாவது எமரால்ட். டைமண்டுக்கு 12 குறைகிறது. செலிப்ரிட்டியில் 12 இரவு மத்தியதரைக் கடல் பயணம் கண்ணில் படுகிறது. "அங்கே போனால் 12 ஏறும், திரும்பி வரும்போது டைமண்ட்" என்று கணக்குப் போட்டு, பால்கனி கேபினில் போகிறார்கள். செலிப்ரிட்டி அவர்களை செலக்ட் என்று வரவேற்கிறது; அட்டையிலும் அப்படியே அச்சாகியிருக்கும். அதைப் பார்த்ததும் நம்பிக்கை உறுதியாகிவிடும். பயணம் முடிகிறது. கேப்டன்ஸ் கிளப்பில் 36 பாயின்ட். கிரவுன் அண்ட் ஆங்கரில் அதே 68.

இந்த 36-ஆல் என்ன பயன்? எதுவுமில்லை. செலிப்ரிட்டியில் அவர்கள் சொந்தமாகச் சேர்த்தது செலக்டுக்குக் கீழுள்ள கிளாசிக் படிக்குத்தான் போதும். பொருத்தத்தால் கிடைத்த செலக்ட் அதைவிட உயர்ந்தது. இரண்டில் எது உயர்வோ அதுதான் எடுபடும், இரண்டும் கூடாது. ஆக, 12 இரவும் ஏணியைப் பொறுத்தவரை வீண்.

அடுத்த ஆண்டு ராயல் கரீபியனில் ஏழு இரவு போகும்போதுதான் இழப்பு தெரியும். டைமண்ட் ஆகியிருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 பானக் கூப்பன், ஒவ்வொன்றும் 14 டாலர் வரை செல்லும். ஏழு நாளுக்கு 28 கூப்பன், 392 டாலர் மதிப்பு, இருவருக்கும் 784. மது அருந்தாதவர்கள் இதைக் கப்பூச்சினோவுக்கும் மாக்டெய்லுக்கும் பயன்படுத்தலாம் என்பதால், 'நமக்கு எதற்கு' என்று ஒதுக்க முடியாது. இது ஒரு பயணத்தின் கணக்கு மட்டுமே.

2026 தொடங்கி 'பாயின்ட்ஸ் சாய்ஸ்' என்ற ஏற்பாடு ராயல் கரீபியன் குழுமத்தில் வந்திருக்கிறது. ஒரு பயணத்தின் பாயின்டை மூன்று கிளப்களில் எதில் ஏற்றுவது என்பதைப் பயணியே தேர்ந்தெடுக்கலாம். நல்ல மாற்றம். ஆனால் தவறு ஒழியவில்லை, உருமாறியிருக்கிறது. இது தானாக நடக்காது. குறித்த காலத்துக்குள் நீங்கள் தேர்வு செய்யாவிட்டால், பயணித்த நிறுவனத்தின் கணக்கிலேயே போய் உட்காரும். பழைய பயணங்களுக்கு இது பொருந்தாது. மேலே சொன்ன 36 பாயின்டைத் தோண்டி எடுத்து மாற்ற வழியில்லை.

எந்த ஏணியில் ஏற்றுவது? வழக்கமாக எடுக்கும் கேபினைக் கொண்டு தீர்மானியுங்கள். டைமண்டுக்குச் சாதாரண கேபினில் 80 இரவு, ஸ்வீட்டில் 40. அதற்கு இணையான எலைட்டுக்குச் செலிப்ரிட்டி உள் கேபினில் 150 இரவு, பால்கனியில் 100, அக்வாவில் 60, ஸ்கை ஸ்வீட்டில் 38. எனவே உள் கேபினோ பால்கனியோ எடுப்பவருக்கு ராயல் கரீபியன் ஏணிதான் குட்டை. அக்வா எடுப்பவருக்குச் செலிப்ரிட்டி 20 இரவு மிச்சம். உச்சிப் படியில் இடைவெளி இன்னும் பெரிது: பினக்கிளுக்கு 700 இரவு, ஸெனித்துக்கு உள் கேபினில் 1,500. இரவுக்கு 12 பாயின்ட் தரும் ஸ்வீட் என்றால் 250 போதும்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு கணக்கிலும் இன்று எவ்வளவு இருக்கிறது என்று எழுதுங்கள். இரண்டிலும் அடுத்த படிக்கு எத்தனை இரவு என்று, உங்கள் வழக்கமான கேபின் விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். குறைவான எண் எந்தப் பக்கமோ, அந்த ஏணியை மட்டும் பிடித்து ஏறுங்கள். சகோதர நிறுவனத்தில் போகும் பயணத்துக்கு மாற்று விகிதம் என்ன என்பதை உங்கள் கேபின் வகையைச் சொல்லி, புக்கிங்குக்கு முன்பே கேளுங்கள். ஓரிரு பாயின்ட் குறைவாக நிற்கிறீர்கள் என்றால் அந்த நிறுவனத்தின் கப்பலிலேயே ஒரு குறும்பயணம் போய் முடித்துவிடுவது மேல்.

"எல்லாப் பாயின்டையும் மொத்தமாக மாற்றிக் கொடுத்தால் என்ன" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பது

மாற்றத்தான் வேண்டும். ஆனால் நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன என்று தெரிந்து கேட்டால்தான் கேள்விக்கு வலு. சலுகையின் செலவு அதைக் கொடுக்கும் கப்பலின் தலையில் விழுகிறது. அந்தப் பயணி செலவழித்த பணமோ வேறொரு நிறுவனத்தின் கணக்கில் போயிருக்கிறது. கோஸ்டாவின் அலுவலகம் ஜெனோவாவில், ஹாலந்து அமெரிக்காவினது சியாட்டிலில், குனார்டினது சவுத்தாம்ப்டனில். தனித்தனி வரவு செலவு. இன்னொன்று இடம். டைமண்ட் படியினருக்கான லவுஞ்சில் நாற்காலிகள் எண்ணி வைக்கப்பட்டவை. மாலையில் ஏற்கெனவே நிற்க இடமில்லாத கப்பல்கள் உண்டு.

இரவு என்பது எல்லாக் கப்பலிலும் ஓர் இரவுதான். அதை அளவாக வைத்து, ஒரு குழுமத்துக்குள் பாயின்டை மாற்றுவதுதான் நியாயம். லவுஞ்ச் போன்ற இடநெருக்கடி உள்ள சலுகைகளைச் சொந்த ஏணியில் ஏறியவர்களுக்கு ஒதுக்கிக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. கார்னிவல் குரூஸ் லைன், செலவை வைத்துக் கணக்கிடும் முறைக்கு மாறுவதாக 2025-ல் அறிவித்தது. எல்லோரும் அந்த வழியில் போனால், சிக்கனமாக நிறைய இரவு பயணம் செய்தவர்களின் உழைப்புக்கு மதிப்பு குறைந்துபோகும்.

சலுகைகளும் அந்தஸ்தோடு மூட்டை கட்டிக்கொண்டு வரும் என்று எண்ணுவது

டைமண்டின் நான்கு கூப்பன் செலிப்ரிட்டிக்கு வராது. அங்கே எலைட்டுக்கு என்ன உண்டோ அதுதான். சொந்த நிறுவனத்தின் பட்டியலை அச்செடுத்து வந்து மேசையில் நீட்டுவதால் பயனில்லை. ஏறப்போகும் நிறுவனத்தின் பட்டியலைப் படியுங்கள். 700 பாயின்டில் கிடைக்கும் இலவசப் பயணம் போன்ற மைல்கல் பரிசுகளும் அந்தக் கிளப்பில் உண்மையாகச் சேர்த்த பாயின்டுக்கே.

பெயரை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கொடுப்பது

இது நம்மவர்களுக்கே உரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஆன்லைன் படிவம் 'சர்நேம்' இல்லாமல் நகராது. ஒரு முறை தந்தை பெயரை அதில் போடுகிறோம், இன்னொரு முறை ஏஜென்ட் நம் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுகிறார், மூன்றாவது முறை வெறும் இனிஷியல். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். மூன்று கணக்கு, மூன்றிலும் சில்லறைப் பாயின்ட். மனைவியின் பாஸ்போர்ட்டில் திருமணத்துக்கு முன் தந்தை பெயர், பின் கணவர் பெயர் என்றிருந்தால் சிக்கல் இரட்டிப்பு.

பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதையே இரண்டு சகோதர நிறுவனங்களிலும் பதியுங்கள். பிறந்த தேதி, மின்னஞ்சல், முகவரி மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்தஸ்துப் பொருத்தம் நடக்காது. ஏற்கெனவே இரண்டு கணக்கு இருந்தால், பழைய புக்கிங் எண்களோடு எழுதிக் கேட்டு இணைத்துக்கொள்ள வேண்டும். கப்பலேறிய பிறகு கெஸ்ட் சர்வீஸ் மேசையில் இதைச் சரிசெய்வது குதிரைக்கொம்பு.

ராயல் கரீபியனில் ஒரே வீட்டில் வசிக்கும் கணவன், மனைவியின் கணக்குகளை இணைத்தால் இருவருக்கும் உயர்ந்தவரின் படி கிடைக்கும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பெற்றோரின் படி. ஆனால் நீங்கள் கேட்டால்தான் இணைப்பார்கள்.

கேசினோ கணக்கையும் இதையும் குழப்புவது

ராயல் கரீபியனின் கேசினோ கணக்கான கிளப் ராயல் வேறு. அது ஏப்ரல் 1 தோறும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

எம்எஸ்சியின் ஸ்டேட்டஸ் மேட்ச்சை அவசரப்பட்டுச் செலவழிப்பது

எம்எஸ்சி என்ற குரூஸ் நிறுவனம் மேலே சொன்ன குழுமங்களில் யாருக்கும் சகோதரன் அல்ல. ஆனாலும் மற்ற குரூஸ், ஓட்டல் நிறுவனங்களின் அந்தஸ்துக்கு ஈடாகத் தன் அந்தஸ்தைக் கொடுக்கிறது. அந்த வாய்ப்பு ஒரு முறைதான். ராயல் கரீபியனின் 68 பாயின்டோடு இன்றே விண்ணப்பிக்காமல், 80 தொட்ட பிறகு விண்ணப்பித்தால் மேல்படி கிடைக்கும். மூன்று ஆண்டுக்குள் எம்எஸ்சியில் ஒரு பயணமும் போகாவிட்டால் அதுவும் காலாவதி. பயணம் உறுதியான பிறகே விண்ணப்பியுங்கள்.

சகோதரன் என்றும் சகோதரனாகவே இருப்பான் என்று நம்புவது

அஸமாரா ராயல் கரீபியன் குழுமத்தில் இருந்தது, 2021-ல் விற்றுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பி அண்ட் ஓ 2025 மார்ச்சில் கார்னிவலுக்குள் கரைந்தது. பசிபிக் அட்வென்சர் கப்பல் கார்னிவல் அட்வென்சர் ஆயிற்று. இப்படி ஆகும்போது பயணியிடம் பழைய பதிவு இருந்தால்தான் பேச முடியும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பாயின்ட் ஏற இரண்டு வாரம் பொறுத்து, கணக்குப் பக்கத்தை பிடிஎஃப் ஆக இறக்கி, கப்பல் பெயர், புறப்பட்ட தேதி, கேபின் எண், புக்கிங் எண் நான்கையும் அதே கோப்பில் போட்டு வையுங்கள்.